கழிக்காமல் விட்ட 1213

கும்மிடிப்பூண்டி ரயில் கேட்டைத் தாண்டி, சிப்காட் பக்கம் திரும்பாமல் நேராகப் போனால் வருகிற மூன்றாவது தெருவில் எதையும் மறைத்து வைக்க முடியாது. மறைக்கிற எண்ணம் உள்ளவன் கோவிந்தம்மாவுக்கு எதிர்வீட்டில் குடிவரக் கூடாது. தணிகைவேல் வந்தான். வந்ததோடு, ஜன்னலை அவள் வாசலைப் பார்த்தபடி திறந்தும் வைத்தான்.

கம்பி உருட்டுகிற ஆலையில் அவனுக்கு வேலை. காலை எட்டுக்குப் போனால் ஐந்தரைக்குத் திரும்புவான். குளித்துவிட்டு டீ குடிப்பான். ஆறரைக்கு, தெருவெல்லாம் விளக்கேற்றி சீரியலைப் போடுகிற நேரத்தில், ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நீல அட்டை போட்ட ஒரு தடித்த நோட்டைத் திறப்பான். உதடு அசையும், பேனா ஓடும், கால் மணி நேரம் ஆகும். பிறகு நோட்டை மூடி பீரோ தலையில் வைத்துவிட்டு, ஏதோ பாரத்தை இறக்கி வைத்தவன் மாதிரி தோளை ஒரு தரம் உதறுவான்.

கல்யாணமான ஆண்பிள்ளை தினமும் ஒரே நேரத்துக்கு நம்பர் எழுதுகிறான் என்றால் அந்தத் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மூணு நம்பர் லாட்டரி. கோவிந்தம்மா சும்மா சொல்லவில்லை, நேரில் போய்ப் பார்த்தே சொன்னாள். உறைமோர் வாங்குகிற சாக்கில் உள்ளே போனவள், நோட்டில் 2311 என்று எழுதிச் சுற்றி வட்டம் போட்டிருந்ததை ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டாள். முன்னால் இருந்த 2-ஐத் தள்ளிவிட்டு மிச்சம் மூன்று நம்பரை மருமகன் லோகுவிடம் சொல்லி எங்கேயோ ரகசியமாக எழுதவும் வைத்தாள். விழவில்லை. அன்றிலிருந்து தணிகைவேல் மீது அவளுக்கு இருந்த மரியாதை பாதியாகக் குறைந்தது. “தெனம் எழுதறான், ஒரு நாளாவது வுழுதா? கைராசி இல்லாதவன்” என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

இதெல்லாம் கல்பனாவின் காதுக்கு வராமல் இருக்குமா? வந்தது, தினமும் குழாயடியில், குடம் நிறைகிற நேரத்துக்குள்.

“இன்னா கல்பனா, மூஞ்சி தொங்கிப்போய்க் கெடக்குது? நேத்து கூட எழுதிக்கினுதான இருந்தான் உன் ஊட்டுக்காரன்? ஆறு முப்பத்திரெண்டுக்கு ஆரம்பிச்சான், ஆறு அம்பதுக்கு மூடிட்டான்.”

“நிமிசம் குறிச்சி வெச்சிக்கினு இருக்கீங்களாக்கா?”

“எனக்கு இன்னாத்துக்கும்மா அந்தப் பேஜாரு? சீரியல்ல வெளம்பரம் போட்டான், கழுத்த திருப்பினேன், கண்ணுல பட்டுச்சி. அதுக்குக் கண்ணைக் குத்திக்கவா முடியும்?”

கல்பனா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். லாட்டரியோ மண்ணாங்கட்டியோ, அவளுக்கு வேறொரு கணக்கு இருந்தது. அதைக் குழாயடியில் சொல்ல முடியாது.

பதினான்கு மாதத்துக்கு முன்பு அவளுக்கு ஏழாம் மாதத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை ஒரு கிலோ நூறு கிராம். மெட்ராசில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்பது நாள் இருந்தது. கல்பனா மாடியில் வேறொரு வார்டில் படுத்திருந்தாள். சக்கர நாற்காலியில் கொண்டுபோய் இரண்டே தரம்தான் காட்டினார்கள். மற்ற நேரமெல்லாம் கண்ணாடிக்கு வெளியே நின்றவன் தணிகைவேல். ஒன்பதாம் நாள் காலையில் குழந்தை போய்விட்டது. பேர் வைக்கவில்லை. பதினோராம் நாள் வைக்கலாம் என்றிருந்தார்கள்.

பல் முளைக்காத குழந்தைக்குக் கொள்ளி கிடையாது, கருமாதி கிடையாது, வருஷத் திதியும் கிடையாது. பேரே இல்லாததற்கு என்ன சொல்லிப் படையல் போடுவது? புதைக்கிற இடத்துக்குப் பொம்பளைகள் போகக் கூடாது. தாய் போகவே கூடாது, போனால் அடுத்தது தங்காது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். தணிகைவேலும் அவன் சித்தப்பாவும் ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். ஒன்றரை மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். தணிகைவேல் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டான். தட்டின் முன்னால் உட்கார்ந்தான். உட்கார்ந்து, சுவரோரம் சுருண்டு கிடந்தவளிடம் கேட்டான்.

“ரசம் இருக்குதா?”

கல்பனாவுக்கு அது போதும். அந்த இரண்டு வார்த்தையை எடுத்து மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள். அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டுப் பார்த்தவர் யாரும் இல்லை. பத்தாம் நாள் ஆலைக்குப் போனான். பதினாறாம் நாள் சாயங்காலம் கடைக்குப் போய் அந்த நீல நோட்டை வாங்கி வந்தான். அன்றையிலிருந்து அந்த வீட்டில் குழந்தையைப் பற்றி ஒரு பேச்சு கிடையாது. ஆறரை மணி நோட்டு மட்டும்தான்.

ஆரம்பாக்கத்தில் இருந்த அவள் அம்மா சின்னப்பொண்ணு வாரத்துக்கு மூன்று தரம் போன் செய்வாள். அறுவடை முடிந்து பொங்கலும் முடிந்த வாரத்தில் பேச்சு ஒரு முடிவுக்கு வந்தது.

“வந்துடு கண்ணு. கல்லு கூட ஒருத்தி எத்தினி நாள் குடுத்தனம் பண்ணுவா? வெள்ளிக்கெழம உனக்கு லீவுதான? மத்தியான வண்டிக்கே ஏறிடு.”

“வரேம்மா.”

“வெறுங்கையோட வராத. அந்த நோட்டைத் தூக்கிக்கினு வா. உங்க நைனா கேப்பாரு இல்ல? கட்டினவன் அழுவலன்னு சொன்னா எவன் ஒத்துக்குவான்? லாட்டரின்னு சொன்னா ஊரே ஒத்துக்கும்.”

சின்னப்பொண்ணு விவரமானவள். எதற்குப் பஞ்சாயத்து கூடும், எதற்குக் கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை தணிகைவேல் வேலைக்குப் போனதும் கல்பனா பையில் ஆறு புடவையை அடுக்கினாள். பிறகு நாற்காலி மேல் ஏறி நோட்டை எடுத்தாள். எடுத்ததை அப்படியே பையில் போட்டிருக்கலாம். ஆனால் அவள் பார்க்கிற வேலை அப்படி. வண்டிக்குப் போகிற இரும்பு வளையம் செய்கிற கம்பெனியில் கடைசிப் பரிசோதனை அவளுடையது. ஒவ்வொரு வளையத்தையும் அளவுக் கருவியில் விட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் பச்சைப் பெயின்ட் பேனாவால் ஒரு புள்ளி, இல்லாவிட்டால் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. அவள் கையில் தப்பிய கோளாறு கிடையாது. கூட வேலை செய்கிற பெண்கள் அவளுக்கு வைத்த பேர் ரிஜெக்ட் ராணி. அப்பேர்ப்பட்டவள் சாட்சிப் பொருளைச் சரிபார்க்காமல் கொண்டுபோவாளா? திறந்தாள்.

பக்கத்துக்கு இரண்டு கணக்கு. எல்லாம் வகுத்தல், பள்ளிக்கூடத்தில் போடுகிற மாதிரி ஏணிப்படியாக இறங்குகிற நீள வகுத்தல். ஓரத்தில் வரிசை எண்ணும் தேதியும். முதல் கணக்கு, இரண்டால் வகுத்தது, மீதி 1. அடுத்த நாள் மூன்றால், மீதி 1. ஐந்தால், மீதி 3. ஏழால், மீதி 2. பதினொன்றால், மீதி 10. நாளுக்கு ஒன்று. கடைசியாக எழுதியது நேற்றையது. நானூறாவது கணக்கு. 2741-ஆல் வகுத்திருந்தான். ஈவு 7713, மீதி 2470.

வகுக்கிற எண் தினமும் மாறியது. வகுபடுகிற எண் மட்டும் நானூறு நாளும் ஒன்றேதான். 21143803.

லாட்டரிக்கு மூன்று இலக்கம் என்பது கல்பனாவுக்கே தெரியும். இதில் எட்டு. இது என்ன நம்பர்? கேஸ் நம்பரா, கரண்ட் நம்பரா? ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். ரெண்டு, ஒண்ணு, ஒண்ணு, நாலு, மூணு, எட்டு… சைபர், மூணு. படித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தாள். இந்தப் பாட்டை அவள் கேட்டிருக்கிறாள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தபோது கண்ணாடி அறை வாசலில் நின்ற காவல்காரம்மா இப்படித்தான் கத்தினாள். “ரெண்டு ஒண்ணு ஒண்ணு நாலு மூணு எட்டு சைபர் மூணு! இந்தக் கொழந்தைக்கு அட்டெண்டர் யாருப்பா?” பக்கத்தில் நின்றிருந்த தணிகைவேல் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

கல்பனா பீரோவைத் திறந்தாள். கம்மல் டப்பாவில், பஞ்சுக்கு அடியில், மடித்த ரோஸ் காகிதம் ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பட்டை. குழந்தையின் காலில் கட்டியிருந்தது. ஆற்றில் விட்டுவிடு என்று அம்மா சொன்னாள். விட்டுவிட்டேன் என்று இவள் பொய் சொன்னாள். கட்டினவனிடமும் காட்டவில்லை. பட்டையில் ‘பேபி ஆஃப் கல்பனா’ என்று எழுதி, கீழே ஒரு எண். முதலில் வரும் 21 வருஷத்தைக் குறிப்பது, மற்றது வரிசை எண். இலக்கம் இலக்கமாக விரல் வைத்து நோட்டோடு ஒத்துப் பார்த்தாள். வேலைப் பழக்கம், இன்னொரு தரமும் பார்த்தாள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தணிகைவேல் பொன்னேரியில் பி.எஸ்சி. கணக்குப் படித்தவன். ஒரு பேப்பர் கடைசி வரை தேறவில்லை என்பது வேறு விஷயம், கோவிந்தம்மாவுக்கு அது எந்தப் பேப்பர் என்பது வரை தெரியும். கல்யாணமான புதிதில் எந்த எண்ணைப் பார்த்தாலும் உடைத்துக் காட்டுவான். ரயில் பெட்டி நம்பர், பால் பாக்கெட் நம்பர் எதையும் விடமாட்டான். இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று கதவிலக்கத்தைப் பார்த்துச் சொன்னான். “தொண்ணூத்தி ஒண்ணு. பாக்க பிரைம் நம்பர் மாதிரி இருக்கும், நம்பிடாத கல்பு. ஏழு பதிமூணு தொண்ணூத்தி ஒண்ணு. நெசமான பிரைம்னா ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் வகுக்க முடியாது. யாராலயும் பிரிக்க முடியாது.” அவள் சிரித்துக்கொண்டே பால் காய்ச்சினாள்.

இப்போது நோட்டு அட்டையின் உள்பக்கத்தில் அவன் எழுத்து. ‘4598 × 4598 = 21141604. அதுக்கு மேல தேவையில்ல. மொத்தம் 622 பிரைம்.’ ஒரு எண் இரண்டாக உடையுமானால், உடைந்ததில் சிறிய துண்டு அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது. அதனால் 4598 வரை உள்ள பகா எண்களால், அதாவது பிரைம்களால், வகுத்துப் பார்த்தால் போதும். ஒன்றாலும் மீதியில்லாமல் போகவில்லை என்றால் அது பகா எண். அறுநூற்று இருபத்திரண்டையும் ஒரே மாதத்தில் போட்டிருக்கலாம். போனில் அழுத்தினால் ஒரு நொடியில் சொல்லிவிடும். அவன் நாளுக்கு ஒன்றுதான் போட்டான், மற்றவர்கள் விளக்கேற்றுகிற நேரத்தில்.

கல்லு என்று அம்மா சொன்னாளே, அந்தக் கல்லு.

மத்தியான வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. கல்பனா நோட்டை மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். பாதிக்கு முன்னால் ஒரு தாளின் ஓரம் மட்டும் கறுத்து, மடங்கி, எண்ணெய் பிடித்துக் கிடந்தது. தினமும் யாரோ அந்தப் பக்கத்தைத் தொட்டுவிட்டுப் போகிற மாதிரி. நூற்றுத் தொண்ணூற்றெட்டாவது கணக்கு. வகுக்கிற எண் 1213. ஈவு 17430. மீதி 1213.

கணக்குப் புலி என்று அவள் சொல்லிக்கொள்ள மாட்டாள். ஆனால் ஒன்று தெரியும். மீதி எப்போதும் வகுக்கிற எண்ணைவிடச் சின்னதாகத்தான் இருக்க வேண்டும். இங்கே இரண்டும் ஒன்றாக இருந்தது. ஏணியின் கடைசிப் படியைப் பார்த்தாள். மேலே இருந்த மூன்றைக் கீழே இறக்கியிருக்கிறான். 1213 என்று வந்திருக்கிறது. இன்னும் ஒரே ஒரு தரம் கழிக்க வேண்டும். கழிக்கவில்லை. ஈவில் ஒரு சைபரைப் போட்டுவிட்டு, கழிக்க வேண்டியதை அப்படியே மீதி என்று எழுதி நிறுத்திவிட்டான். பொய் என்றும் சொல்ல முடியாது, பெருக்கிக் கூட்டினால் எண் சரியாகத்தான் வரும். ஆனால் கணக்கு முடியவில்லை. கல்பனா விரலால் தரையில் எழுதிக் கழித்தாள். சைபர்.

வகுபட்டுவிட்டது. அவன் தேடிய பிரைம் அது இல்லை என்று அன்றே ஆகிவிட்டது.

தேதியைப் பார்த்தாள். போன ஆனி மாதம். அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. தட்டில் போட்ட சோற்றை அப்படியே விட்டுவிட்டுப் போய் ரயில் கேட்டருகே நின்று, கூட்ஸ் வண்டி போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வந்தவனிடம், “ஊட்டு சாப்பாடு புடிக்கலன்னா ஓட்டல் இருக்குது, போறதுதான?” என்று கேட்டாள். அவன் செம்புத் தண்ணீரை எடுத்துக் குடித்தான். மறுநாள் ஆறரைக்கு 1217-ஆல் வகுத்திருக்கிறான். அதற்கு மறுநாள் 1223. ஒன்றுமே நடக்காதது போல, இன்னும் இருநூறு நாள்.

கல்பனா கைப்பையைக் கொட்டினாள். வேலையில் இருந்து தவறி வந்துவிட்ட பச்சைப் பேனாவும் சிவப்புப் பேனாவும் விழுந்தன. சிவப்பைத்தான் எடுக்க வேண்டும். எட்டு வருஷ வேலையில் இப்படி ஒரு கோளாறைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு அவள் பச்சையைத் தொட்டதில்லை. தொட்டாள். 1213-க்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தாள். அது காய்கிற வரை ஊதினாள்.

போன் அடித்தது.

“கெளம்பிட்டியா கண்ணு? நோட்டு எடுத்துக்கினியா? லாட்டரிதான?”

“இல்லம்மா.”

“பின்ன இன்னாது?”

“கணக்கு.”

“யாருக்குக் கணக்கு?”

“பொண்ணுக்கு.”

சின்னப்பொண்ணு, “சாப்ட்டியா?” என்று மட்டும் கேட்டாள்.

அன்று சாயங்காலம் தணிகைவேல் வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டான். கல்பனா அடுப்பங்கரையில் நின்றபடி பார்த்தாள். புதுப் பக்கத்துக்குப் போகுமுன் அவன் விரல் தானாக அந்தக் கறுத்த தாளைப் புரட்டியது. நின்றது. பேனாவைக் கீழே வைத்தான். மூலையில் புடவை தெரிய வாய் திறந்து கிடந்த பையைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். அடுப்பில் கடுகு பொரிந்து அடங்கியது.

“கல்பு.”

“ம்.”

“இன்னொரு சேர் இருக்குதா?”

அவள் ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு 2749. அவன் வகுத்தான், அவள் கழித்தாள். ஈவு 7691, மீதி 1244. இருவரும் அந்தப் பச்சைப் புள்ளியைப் பற்றி வாய் திறக்கவில்லை. எதிர்வீட்டிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத்தான் தாங்கவில்லை.

“போச்சி! பொண்டாட்டியையும் லாட்டரில இழுத்து வுட்டுட்டான்” என்று மறுநாள் குழாயடியில் பிரகடனம் ஆயிற்று. “ஒருத்தன் போட்டே வுழல. இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து போடறாங்களாம்!”

சித்திரை வெயில் போனது, ஆடிக் கூழ் ஊற்றினார்கள், ஆவணி பிறந்தது. ஒரு நாள் விடாமல் இருவரும் உட்கார்ந்தார்கள். சில நாள் கழித்தலில் தப்பு வரும், அவள் கண்டுபிடிப்பாள், அவன் தலையைச் சொறிவான். அந்தக் கால் மணி நேரத்தில் அவர்கள் குழந்தையைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் ஆள் ஒருத்தி அங்கே இருக்கும்போது அவளைப் பற்றிப் பேசிக்கொள்ள மாட்டார்கள் இல்லையா, அந்த மாதிரி.

அறுநூற்று இருபத்திரண்டாவது நாள் வந்தது. 4597. ஈவு 4599, மீதி 2200. தணிகைவேல் கீழே இரண்டு கோடு போட்டான்.

“முடிஞ்சிடுச்சி.”

“ஆமா.”

“பிரைம்தான்” என்றான், அவளைப் பார்க்காமல்.

“ஆமா” என்றாள், அவனைப் பார்க்காமல்.

கோடு போட்டதைப் பார்த்துவிட்டுக் கோவிந்தம்மா ஜன்னலுக்கே வந்துவிட்டாள். “இன்னாடா தம்பி, கோடெல்லாம் போட்டுட்ட? இன்னா நம்பர் வந்துச்சி?”

“ரெண்டாயிரத்து எரநூறுக்கா.”

“அடப்பாவி, அது நாலு நம்பராச்சே!” என்று நொந்துகொண்டு போனாள்.

மறுநாள் ஆறரை மணி வந்தது. அதை யாரும் யோசித்து வைக்கவில்லை. தணிகைவேல் நாற்காலியைப் போட்டான். நோட்டு பீரோ தலையில் இருந்தது. கையை முட்டி மேல் வைத்துக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். எழுந்து சட்டையை மாட்டினான், கழற்றினான், மறுபடி உட்கார்ந்தான். பஸ் நின்றுபோன நிறுத்தத்தில் தெரியாமல் காத்திருக்கிறவன் மாதிரி இருந்தது.

கல்பனா நோட்டை எடுத்து அவன் மடியில் வைத்தாள். கறுத்த தாளைத் திறந்தாள். ரோஸ் காகிதத்திலிருந்து பட்டையை எடுத்து அதன் மேல் வைத்தாள்.

“இதுல ஒரு கழித்தல் பாக்கி இருக்குது.”

அவன் பட்டையை எடுத்துப் பார்த்தான். கட்டைவிரலால் தடவினான். “ஆத்துல நீ வுட்டுட்டன்னு உங்க அம்மா சொன்னாங்க.”

“வுடல.”

“பதினாறாம் நாளு எல்லாருக்கும் இன்னாவோ ஒண்ணு பண்றாங்க” என்று ஆரம்பித்தான். குரல் நோட்டைப் பார்த்துத்தான் பேசியது. “நம்ம பொண்ணுக்கு ஒண்ணும் கெடையாதுன்ட்டாங்க. பேர் இல்ல, படம் இல்ல. எனக்குத் தெரிஞ்சது அந்த நம்பருதான். ஒம்போது நாளும் அதைச் சொல்லிக் கூப்ட்டாதான் உள்ள வுடுவாங்க. சரி, அது பிரைமா இருந்தா…”

“இருந்தா?”

“அவள யாராலயும் பிரிக்க முடியாதுன்னு ஒண்ணாவது நெசமா இருக்கும்ல.”

அவன் கறுத்த தாளில் விரலை வைத்தான்.

“இதுல வந்து நின்னுடுச்சி. மூணைக் கீழ எறக்கினேன், அதே நம்பரு வந்து எதிர்ல நிக்குது. கை வரல கல்பு. கழிச்சா சைபர். சைபர்னா முடிஞ்சிடுச்சி. அப்புறம் நாளைக்கி ஆறரைக்கு நான் இன்னா பண்ணுவேன்?”

“அதுக்கப்புறம் போட்டதெல்லாம்?”

“ஒண்ணும் போகாதுன்னு அன்னிக்கே தெரியும். இந்தப் பக்கம் 1213, அந்தப் பக்கம் 17431. பெரிசு அவ்ளோ தூரத்துல நிக்குது. நடுவுல 4598 வரைக்கும் எந்த நம்பரும் அவளத் தொடாது. தெரிஞ்சிதான் போட்டேன். நானூத்தி இருபத்திநாலு நாளு.”

“அந்த ரெண்டும் இன்னும் பிரியுமா?”

“பிரியாது. சின்ன நம்பரெல்லாம் முன்னாடியே பாத்தாச்சி, ஒண்ணும் போகல. ரெண்டும் பிரைம். அவள ரெண்டா மட்டும்தான் பிரிக்க முடியும்.”

“அதுல நான் எது?”

“பெரிசு” என்றான். உதட்டோரம் சிரிப்பு மாதிரி என்னவோ வந்து, வந்த வழியே போய்விட்டது.

அவள் பேனாவைத் திறந்து அவன் விரலுக்கு நடுவே வைத்தாள்.

“கழிங்க.”

“வேணாம் கல்பு.”

“அன்னிக்கி பொம்பளைங்க வரக் கூடாதுன்னு என்ன ஊட்டுலயே குந்த வெச்சிட்டாங்க. நீங்க மட்டும் போயி மண்ணு போட்டுட்டு வந்தீங்க. வந்து ரசம் கேட்டீங்க.”

தணிகைவேல் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். இத்தனை நாள் அது அவள் மனசில் இருந்தது என்பதே அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

“தொண்டையில மண்ணு அடைச்சிக்கினு இருந்த மாரி இருந்திச்சி. உங்க அம்மா சோறு போட்டு வெச்சிட்டாங்க. தின்னாம எழுந்தா நீயும் திங்க மாட்டியேன்னு… ரசம் இருந்தா எறங்கும்னு பாத்தேன்.”

கல்பனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஸ்டூலை இழுத்து, தோளோடு தோள் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தாள்.

“இன்னிக்கு நானும் வந்துட்டேன். கழிங்க.”

அவன் 17430-இன் கடைசி சைபரை ஒன்றாகத் திருத்தினான். 1213-க்கு அடியில் 1213 எழுதினான். மூன்று கோணலாக விழுந்தது. வலது பக்கத்திலிருந்து ஆரம்பித்தான். மூன்றில் மூன்று. ஒன்றில் ஒன்று. இரண்டில் இரண்டு. ஒன்றில் ஒன்று. எழுத ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரே ஒரு சைபரைப் போட்டான். அதைச் சின்னதாக, ஒரு கிலோ நூறு கிராமுக்கு எவ்வளவு சின்னதாக இருக்க வேண்டுமோ அவ்வளவு சின்னதாகப் போட்டான்.

பிறகு அழுதான். அழுது பழக்கமில்லாதவன் அழுகை. எப்படி ஆரம்பிப்பது, எங்கே மூச்சு வாங்குவது என்று தெரியாமல், மாடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். கல்பனா அவன் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். ஜன்னல் திறந்து கிடந்தது. சாத்த வேண்டும் என்று தோன்றியது, கையை எடுக்க முடியவில்லை.

எதிர்வாசலில் கோவிந்தம்மா எழுந்து நிற்பது தெரிந்தது. கழுத்தை நீட்டிப் பார்த்தாள். ஒரு அடி முன்னால் வைத்தாள். வரப்போகிறாள், நாளைக் காலை குழாயடிக்கு இது போதும் என்று கல்பனா நினைத்தாள்.

கோவிந்தம்மா உள்ளே போனாள். அவள் வீட்டு டிவி சத்தம் ஏறியது. இன்னும் ஏறியது. சீரியலில் எவளோ மாமியாரைத் திட்டுகிற சத்தம் தெரு முழுக்க நிரம்பி, தணிகைவேலின் குரலை மூடியது.

“யம்மோவ், காது செவுடா ஆயிடுச்சா உனக்கு? கொஞ்சம் கொறம்மே!” என்று பக்கத்து வீட்டிலிருந்து யாரோ கத்தினார்கள்.

கோவிந்தம்மா குறைக்கவில்லை.